தெற்கு அறையில் ஒரு பம்பர்

எங்கள் வீட்டில் வெயில் நன்றாக விழும் அறை ஒன்றே ஒன்றுதான். ஆறு பாய் விரிக்கிற அளவுக்கு, தெற்குப் பார்த்த அறை. அதில் பத்து வருடமாக ஒரு காரின் பின்பக்கம் குடியிருந்தது.

கார் வாசலில் நிற்கிறது, அதற்கும் ஒரு பின்பக்கம் இருக்கிறது. அறையில் இருந்தது கார் கம்பெனியிலிருந்து வந்தபோது அதோடு வந்த பின்பக்கம். என் கணவர் தொகிஹிகோ அதைக் கழற்றி வைத்துவிட்டு வேறு ஒன்றை மாட்டியிருந்தார். கழற்றி வைத்ததை எல்லாம் அவர் "நார்மல்" என்பார். கார்ப் பித்துப் பிடித்தவர்கள் எல்லோரும் இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நார்மல் பம்பர், நார்மல் விளக்கு, நார்மல் சைலன்சர். ஆக எங்கள் வீட்டில் நார்மலாக இருப்பதெல்லாம் ஜன்னலோரம் போர்வை விரித்துப் படுத்துக் கிடக்கும். நார்மல் இல்லாதவை எல்லாம் ஊர் சுற்றும்.

போர்வை கீழே மட்டும்தான். மேலே எதையும் போட விடமாட்டார். உரசினால் கீறல் விழுமாம். நான் கூட அவ்வளவு பத்திரமாகப் படுத்துத் தூங்கியதில்லை.

இவ்வளவுக்கும் காரணம் நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொகிஹிகோவை நான் கட்டிக்கொண்டபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அவருக்கு நாற்பத்தைந்து. இருவருக்குமே இரண்டாவது கல்யாணம். என் முதல் கணவர் ஒரு நாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நான் வளர்த்த யூசு எலுமிச்சை மரத்தை வெட்டிவிட்டுத் தோட்டம் முழுவதும் கான்கிரீட் கொட்டினார். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். மாலையில் வந்து பார்த்தேன், ஈரம் கூடக் காயவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரத்தை எப்படித் திரும்ப நடுவது? அந்தக் கான்கிரீட்டைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஆறு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். என் பொறுமையை நினைத்தால் எனக்கே எரிச்சலாக வரும்.

அதனால் இரண்டாம் முறை முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன்.

"உங்க காரை என்ன வேணும்னாலும் பண்ணிக்கோங்க. ஆனா ஓட்டை போடக் கூடாது, வெட்டக் கூடாது. நான் எப்பக் கேட்டாலும் எல்லாம் பழையபடி ஆகணும்."

தொகிஹிகோ மேசையில் நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்து, சரி என்றார். நான் காரைப் பற்றிச் சொல்கிறேன் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொன்ன சொல்லை மனிதர் காப்பாற்றினார். டிக்கி மூடி மேல் இறக்கைபோல் நிற்கும் ஸ்பாய்லர் இருபுறமும் ஒட்டும் டேப்பில்தான் நிற்கிறது, ஒரு திருகாணி கிடையாது. கம்பெனிப் பெயர் பொறித்த வில்லையை மீன்பிடி நரம்பு விட்டு அறுத்தெடுத்து, காகிதத்தில் சுற்றி, தேதி எழுதி வைத்திருக்கிறார். நீள நீளமான நார்மல் விளக்கு இரண்டைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு இரண்டாக வட்ட விளக்குகள் மாட்டினார். அதன் வயரில் கூட ஒரு இடத்தில் வெட்டில்லை. பிரேக் பிடித்தால் நான்கு சிவப்பு வட்டம் எரியும். அது எரிவதைப் பார்க்க, பாவம், அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிரேக்கை மிதிக்கிறவர் அவர்தானே. நான் பின்னால் நின்று, "எரியுது, எரியுது" என்று கத்த வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஷாக்கென் வரும். காரைப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வாங்கும் சடங்கு. மாற்றிய சாமான்களோடு போனால் முத்திரை கிடைக்காது என்று, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காரை நார்மலாக்குவோம். சோதனை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி மாற்றுவோம். பம்பரின் ஒரு முனையை அவர் பிடிக்க, இன்னொரு முனையை நான் பிடிக்க வேண்டும். எதிர்வீட்டு ஒசெகி அம்மாள் துணி உலர்த்திக்கொண்டே வேடிக்கை பார்ப்பாள்.

"என்ன இட்சுகோ-சான், இந்த வருஷமும் நார்மலாகறீங்களா?"

"ஒரு வாரத்துக்குத்தான். அதுக்கு மேல எங்களுக்குத் தாங்காது."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. இந்த வருடம் பியானோ வந்து சேர்ந்தது.

நான் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை பார்க்கிறேன். மாலையில் கடைசிக் குழந்தையும் போனபின், பாத்திரம் கழுவி முடித்த கையோடு, அங்கிருக்கும் பழைய பியானோவில் உட்கார்ந்து தட்டுவேன். யாரும் சொல்லித் தரவில்லை. குழந்தைகளுக்கு ஆசிரியை வாசிக்கிற பாட்டுகளைக் காதில் வாங்கி, தேடித் தேடிப் பிடிப்பேன். மூன்று வருடத்தில் வலது கை ஒருவழியாக வந்துவிட்டது. இடது கை இன்னும் வழியில் இருக்கிறது. அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் அறுபது பேருக்குக் கேரட் நறுக்குகிறேன் என்று சொன்னால் மிகையில்லை.

பிப்ரவரி கடைசியில் தலைமை ஆசிரியை நகாகுரா சமையலறைக்கு வந்தார்.

"இட்சுகோ-சான், நமக்குப் புதுப் பியானோ வருது. பழசை உடைக்கக் குடுக்கப் போறேன். உங்களுக்கு வேணுமா?"

கையில் இருந்த கரண்டியை விட்டுவிட்டேன்.

"வேணும்! எனக்கு வேணும்."

"மார்ச் இருபதுக்குள்ள எடுத்துக்கணும். வீட்டுல இடம் இருக்குதானே?"

"இருக்கு, இருக்கு," என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

அன்று சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தேன். தொகிஹிகோ எங்கள் ஊர் மீன் ஆலையில் வேலை செய்கிறார். போனித்தோ என்கிற சூரை மீனைப் புகை போட்டுக் காய வைக்கிற வேலை. எத்தனை குளித்தாலும் அந்தப் புகை வாசனை போகாது. எனக்குப் பழகிவிட்டது, பிடித்தும் போய்விட்டது.

"தொகி-சான், எனக்கு அந்த அறை வேணும்."

"எந்த அறை?"

"ஆமா, அரண்மனை கட்டி வெச்சிருக்கீங்க. தெற்கு அறைதான்."

பியானோ விஷயத்தைச் சொன்னேன். முகம் மலர்ந்தது அவருக்கு. நான் காப்பகத்தில் உட்கார்ந்து வாசிப்பது அவருக்குத் தெரியும். ஒருமுறை என்னை அழைத்துப் போக வந்தவர் வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறார். பிறகு மலர்ந்த முகம் மெல்லச் சுருங்கியது.

"அப்போ பம்பரை எங்க வைக்கிறது?"

"தூக்கிப் போடுங்க."

சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார்.

"அது எப்படி முடியும்? எப்பக் கேட்டாலும் பழையபடி ஆகணும்னு நீதானே சொன்ன? நான் வாக்கு குடுத்திருக்கேன்."

"அது சரி, ஆனா..."

"மாடிக்குக் கொண்டுபோகலாம்னா படி வளைவுல பம்பர் திரும்பாது. வெளிய வெச்சா உப்புக் காத்து. நீயே சொல்லு."

நான் போட்ட பூட்டுக்குள் நானே மாட்டிக்கொண்டேன். கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் முள்ளங்கி ஊறுகாயைக் கடித்துத் தள்ளினேன்.

நான்காம் நாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பத்தாம் தேதி ஷாக்கென் வருது. எப்படியும் நார்மலாக்கறோம். அப்படியே விட்டுடறேன்."

"எப்படியே?"

"மறுபடி மாத்த வேண்டாம். வட்ட விளக்கு, ஸ்பாய்லர் எல்லாத்தையும் நெட் ஏலத்துல போட்டுடலாம். யாராவது எடுத்துக்குவாங்க. உனக்கு அறை கிடைச்சிடும்."

நான் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. ஆலையிலிருந்து அந்த ஆள் திரும்பி வந்தால், நேரே வீட்டுக்குள் வரமாட்டார். காரை நிறுத்திவிட்டு, பின்னால் சுற்றிப் போய் நின்று ஒரு பார்வை பார்ப்பார். ஒரு நாள் கூடத் தவறியதில்லை. புதிதாகக் கல்யாணமானபோது அதைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சலாகக் கூட இருந்திருக்கிறது. "வேண்டாம், விற்காதீங்க" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்குப் பியானோ வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். நல்லவளாக நடிக்க எனக்கு விருப்பமில்லை, அதனால் இதையும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் வேலையைத் தொடங்கினோம். வட்ட விளக்குகளைக் கழற்றித் துடைத்துத் துணியில் சுற்றினார். ஸ்பாய்லரின் டேப்பைச் சூடு காட்டி உரித்தார். ஏலத்துக்கென்று ஒவ்வொன்றையும் படம் எடுத்தார்.

நார்மல் பம்பரை மாட்டும்போது டக் என்றது. ஓரத்தில் இருந்த கொக்கி ஒன்று கையோடு வந்துவிட்டது. இன்னொரு டக். அடுத்ததும் போயிற்று.

"என்ன இது, அப்பளம் மாதிரி உடையுது?"

"வயசாயிடுச்சு," என்று சொல்லி, உடைந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டினார்.

"இந்த இடது விளக்கு வெளிறிப் போயிருக்கே தொகி-சான்."

"தூசி. துடைச்சா போயிடும்."

துடைத்தார். போகவில்லை. போன மாதிரி இருவரும் வைத்துக்கொண்டோம்.

பத்தாம் தேதி நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போனேன். கார்கள் வரிசையாக நகரும் கொட்டகையில் எங்கள் முறை வந்தது. தலைக்கவசம் போட்ட இளம் பெண் அதிகாரி ஒருத்தி, கையில் சின்னச் சுத்தியலோடு, சக்கரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் போனாள்.

"பிரேக் பிடிங்க."

தொகிஹிகோ மிதித்தார்.

"விடுங்க. இன்னொரு தடவை பிடிங்க."

குந்தி உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் வந்தாள்.

"இடது விளக்குல சிவப்பே இல்லை சார். விரிசல் வேற இருக்கு, அது வழியா வெள்ளை வெளிச்சம் வருது. இது செல்லாது."

தொகிஹிகோவுக்கு வாய் குழறியது. "இல்லையே... இது நார்மல்ங்க! கம்பெனியில வந்த விளக்கு!"

"கம்பெனி விளக்குதான் சார். ஆனா செத்துப் போச்சு. வெயில்லயே வெச்சிருந்தீங்களா?"

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வீட்டுல வேற விளக்கு இருக்கா? இன்னிக்கே மறுபடி வரலாம். மூணரை மணிக்குள்ள வந்துடுங்க."

"இருக்கு," என்றார் தொகிஹிகோ, திருட்டுச் சாமானைப் பற்றிச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி. "ஆனா அது நார்மல் இல்லை."

"கண்ணாடியில மார்க் இருக்கா? வட்டத்துக்குள்ள ஆங்கில எழுத்து ஈ. அது இருந்தா எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். திரும்பி வீட்டுக்கு ஓட்டினோம். நாற்பது நிமிட வழி.

துணியைப் பிரித்து வட்ட விளக்கைக் கையில் எடுத்தது நான்தான். காப்பகத்தில் ஒவ்வொரு பொட்டலத்திலும் முட்டை இருக்கிறதா, பால் இருக்கிறதா என்று எறும்பு எழுத்துகளைப் படித்துப் படித்து என் கண் பழகிவிட்டது. கண்ணாடியின் கீழ் ஓரத்தில், அரிசி அளவுக்கு, அச்சாக இருந்தது. ஒரு வட்டம், அதற்குள் ஈ.

"இருக்கு தொகி-சான்."

"எங்க?"

"இதோ. பத்து வருஷமா இங்கயேதான் இருக்கு."

மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிற்க முடியாமல் பாயில் உட்கார்ந்து சிரித்தேன். இதற்கு முன் நான்கு ஷாக்கென். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் பம்பரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் அறைக்கும் நடந்திருக்கிறோம். எல்லாம் வீண்.

"ஒரு தடவை அவங்களைக் கேட்டிருக்கலாமே, இந்த விளக்கு செல்லுமான்னு. ஏன் கேக்கலை?"

அவர் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டா, கூடாதுன்னு சொல்லிட்டா?"

எனக்குச் சிரிப்பு நின்றது.

மூன்று மணி தாண்டிப் பத்து நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அதே பெண். பிரேக் பிடிக்கச் சொன்னாள். நான்கு சிவப்பு வட்டங்கள் எரிந்தன. நான் பழக்கதோஷத்தில், "எரியுது, எரியுது!" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் சிரித்தபடி முத்திரை குத்தி, "இதுதான் சார் காருக்கு நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும், தொகிஹிகோ என்ன செய்தார் தெரியுமா? ஸ்பானரை எடுத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தார்.

"என்ன பண்றீங்க?"

"விளக்கைக் கழட்டறேன். ஏலத்துல போடணுமே. நார்மலுக்குப் புதுக் கண்ணாடி எங்கயாவது தேடிப் பிடிச்சுடலாம். நீ கவலைப்படாத. இருபதாம் தேதிக்குள்ள அறை காலியாயிடும்."

நான் செத்துப்போன நார்மல் விளக்கைக் கையில் எடுத்தேன். என் விரலெல்லாம் வெள்ளையாகத் தூள் ஒட்டியது. பத்து வருடம் வீட்டின் நல்ல வெயிலை எல்லாம் குடித்துவிட்டு அது உதிர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் போர்வை விரித்துக் காவல் காத்திருக்கிறோம். அந்த நிபந்தனையை நான் காருக்காகப் போடவில்லை என்பதை அன்றுதான் நான் எனக்கே ஒப்புக்கொண்டேன். ஒரு நாள் இவரும் என்னைக் கேட்காமல் ஏதாவது கொட்டிவிட்டால், இறங்கிப் போக எனக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது. இவரோ என்னைக் கேட்காமல் ஒரு திருகாணி கூட முடுக்கவில்லை. நான் அந்தக் கதவுப் பக்கம் போயே எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

"தொகி-சான், ஸ்பானரைக் கீழ வைங்க. இதைத் தூக்கிப் போட்டுடலாம்."

"எதை?"

"நார்மலை. எல்லாத்தையும். பம்பர், விளக்கு, அந்த சைலன்சர் குழாய், எல்லாம்."

அவர் எழுந்து நின்றார்.

"அப்புறம் நீ கேட்டா, என்னால பழையபடி ஆக்க முடியாதே இட்சு."

"கேக்க மாட்டேன்."

"இப்ப சொல்லுவ. ஒருவேளை பின்னாடி..."

"கேக்க மாட்டேன்னா கேக்க மாட்டேன். காதுல என்ன, கருவாடா அடைச்சு வெச்சிருக்கீங்க?"

நகரசபைக்குச் சொல்லி, பெரிய குப்பை எடுக்கும் நாள் பத்தொன்பதாம் தேதி என்று வாங்கினேன். கட்டணம் கட்டி, அதற்கான ஒட்டுச் சீட்டுகளை வாங்கிவந்து, ஒவ்வொரு சாமானிலும் நானே ஒட்டினேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காரில் எல்லாவற்றையும் மறுபடி அவர் இஷ்டப்படி மாட்டினோம். ஸ்பாய்லருக்குப் புது டேப். "வேணும்னா திருகாணியே போட்டுக்கோங்க," என்றேன். "வேண்டாம், டேப்பே பழகிடுச்சு," என்றார்.

பத்தொன்பதாம் தேதி காலை, நார்மல் பம்பரின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, தெருமுனைக்குத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஒசெகி அம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, மறுபடியும் ஷாக்கெனா? இப்பத்தானே முடிஞ்சது?"

"இல்லை ஒசெகி-சான். இனிமே எங்க வீட்டுல நார்மலே கிடையாது."

"முன்னாடி மட்டும் இருந்துச்சாக்கும்!"

லாரி வந்தது. பம்பரை வாய்க்குள் வாங்கி ஒரே அழுத்தாக அழுத்தியது. தொகிஹிகோ அதைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். இத்தனை வருடம் வேலை செய்துவிட்டு ஓய்வு பெறும் ஆளை வழியனுப்புவதுபோல் இருந்தது. கிண்டல் செய்ய வாயெடுத்தேன். முடியாமல் நானும் குனிந்தேன்.

கைவீசிக்கொண்டு திரும்பி நடந்தோம். பாதி வழியில் அவர் சொன்னார்.

"பத்து வருஷமா, நீ எப்பக் கேப்பியோ எப்பக் கேப்பியோன்னு பயந்துட்டே இருந்தேன்."

"என்ன, காரைப் பழையபடி ஆக்கச் சொல்லியா?"

"அதையும்தான்."

நான் இறங்கிப் போக வைத்திருந்த அந்தக் கதவை அவரும் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தெருவில் கை பிடித்து நடக்கிற வழக்கம் எங்கள் இருவருக்கும் கிடையாது. எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு வந்துகொண்டிருந்தார்கள். புகை வாசனை அடிக்கும் அந்தக் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"சீக்கிரம் நடங்க," என்றேன். "பியானோ வர்ற நேரமாச்சு."